சாவு வண்டியிலிருந்து எடுத்த இரண்டு பின்

போன வாரம் நம் மெக்கானிக் வாட்ஸப் குரூப்பில் கோத்தகிரித் தம்பி ஒருவர் ஒரு போட்டோ போட்டிருந்தார். கருகிப்போன ஒரு கப்ளர், வயர்களை இணைக்கிற பிளாஸ்டிக் கூடு. எட்டு ஓட்டையில் இரண்டில் பின் இல்லை. "இந்தப் பழைய வண்டிக்குக் கப்ளர் பின் எங்கே கிடைக்கும், தெரிந்தவர்கள் சொல்லவும்" என்று கேட்டிருந்தார். உடனே ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். கப்ளரை வெட்டி எறிந்துவிட்டு வயரை நேராக முறுக்கிவிடு என்றார் ஒருவர். ஏதாவது ஆக்சிடென்ட் வண்டியில் பிடுங்கிப் போடு என்றார் இன்னொருவர். அதற்கு ஏழு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. போனில் அடித்தால் என் தடித்த விரலுக்கு ஒரு எழுத்துக்கு மூன்று எழுத்து விழும். அதனால் நோட்டில் எழுதுகிறேன், பேத்தி அடித்துப் போடுவாள். பின் எங்கே கிடைக்கும் என்பதையும் சொல்கிறேன். அதற்கு முன் நான் எங்கே போய் எடுத்தேன் என்பதைக் கேளுங்கள்.

என் பெயர் தேவராஜ். ஆட்டோ எலக்ட்ரீஷியன். குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம், பிறகு குன்னூரில் சொந்த ஷெட் பதினாலு வருஷம். இப்போது பக்கத்தில் இருப்பது கண்ணுக்குப் பிடிபடவில்லை, ஷெட்டைக் கொடுத்துவிட்டேன். தொழில் கற்ற கதையெல்லாம் வேண்டாம். எல்லோரையும்போல டைனமோ கழுவி, அடி வாங்கிக் கற்றதுதான்.

சாலமன் போர்மேனைப் பற்றி மட்டும் சொல்லியாக வேண்டும். எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் எனக்கு மேலே இருந்தவர். மனுஷன் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. நாம் ஒரு வயர் ஜாயின்ட் போட்டு முடித்தால் பக்கத்தில் வந்து நிற்பார். இழுத்துப் பார்க்க மாட்டார், மீட்டர் வைக்க மாட்டார். குனிந்து மோந்து பார்ப்பார். குங்கிலியம் வைத்து ஈயம் பற்றவைத்திருந்தால் கோயில் வாசம் வரும். தகர வேலைக்கு வைத்திருக்கும் பேஸ்டைத் தொட்டிருந்தால் புளித்த வாடை வரும். புளித்த வாடை வந்தால் பாக்கெட்டிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து ஜாயின்டை வெட்டி நம் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு வார்த்தை வராது. அந்த பேஸ்டில் ஆசிட் உண்டு. கீழே கோயம்புத்தூரில் அது ஒன்றும் செய்யாமல் கிடக்கலாம். நம் மலை ஈரத்தில் ரப்பருக்குள்ளேயே ஊர்ந்து போய்ச் செம்பைத் தின்னும்.

இன்னொரு பழக்கமும் வைத்திருந்தார். மழைக்காலத்தில் டேப் பிசின் விட்டு அவிழ்ந்துகொள்ளும் என்பதால் டேப் முடியும் இடத்தில் நூல் சுற்றிக் கட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு நிறம். என்னுடையது மஞ்சள். எந்த வண்டியைத் திறந்தாலும் எந்த ஜாயின்ட் யார் போட்டது என்று நூல் சொல்லிவிடும்.

ஆள் செத்த வண்டியில் ஒரு ஸ்குரூகூட எடுக்கக் கூடாது என்பதும் அவர் சட்டம். சாவு வண்டி என்போம். காரணம் கேட்டால், "எடுக்காதேன்னா எடுக்காத தம்பி" என்பார், அவ்வளவுதான். பேய்க்குப் பயப்படுகிறார் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். சிரித்தோமே தவிர எங்களுக்கும் பயம்தான். வெளி ஒர்க்‌ஷாப் ஆட்கள் எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டிவிட்டு எடுப்பார்கள். நாங்கள் அந்தப் பக்கமே போனதில்லை.

நான் எஸ்டேட்டை விட்டு வெளியே வந்த பிறகு அந்த எஸ்டேட்டின் கார் ஒன்று மேட்டுப்பாளையம் இறங்குகிற வழியில், பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் கவிழ்ந்தது. மழை பெய்த மத்தியானம். ஓட்டினவன் கணேசன், எஸ்டேட் டிரைவர். சிலோனிலிருந்து வந்த குடும்பம், தொழிலாளர் குடியிருப்பான லயத்திலேயே பிறந்து வளர்ந்தவன். முன் சீட்டில் இருந்த ஆபீஸ் கிளார்க் ஆல்பர்ட் அங்கேயே போய்விட்டார். கணேசனுக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. "வண்டி தானா செத்துருச்சு, பிரேக் கல்லு மாதிரி ஆயிருச்சு" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொன்னான். முந்தின ராத்திரி டபுள் டியூட்டி பார்த்தவன், தூங்கியிருப்பான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் டீக்கடையில் நின்று, "டிரைவர் வேற எப்படிச் சொல்லுவான்?" என்று சிரித்தேன். நான் சொன்னதுதான், மறைக்கவில்லை. கேஸ் நடந்தது. கடைசியில் தூங்கிவிட்டேன் என்று அவனே ஒத்துக்கொண்டான் என்று கேள்விப்பட்டேன். லைசென்ஸ் போனது. தினக்கூலிக்குக் களை வெட்டப் போனான். லயத்தில் அவனை ஆளைக் கொன்றவன் என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

இதற்கு ஏழு வருஷம் கழித்து, ஒரு புதன்கிழமை, ரூபி டீச்சர் என் ஷெட்டுக்கு வண்டி கொண்டுவந்தார். ரிட்டயர்டு டீச்சர், அறுபத்தைந்து வயது, காட் ரோட்டு மலை வளைவுகளில் அவர் ஓட்டுகிற மாதிரி நம் ஆட்கள் ஓட்ட மாட்டார்கள். அவர் வீட்டுக்காரர் சேவியர் சார். சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். இரண்டு கிட்னியும் போய், செவ்வாய் வெள்ளி இரண்டு நாளும் மேட்டுப்பாளையத்துக்கு டயாலிசிஸுக்குப் போகிறவர். ஒரு தடவை தவறினால் மறுநாளே கால் வீங்கி மூச்சு முட்டும்.

"பஸ்ல போறது ஆகாதுங்க தேவராஜ். திரும்பி வர்றப்ப இவருக்குத் தலையே நிக்கறதில்ல. இந்த வண்டியில தலகாணி வெச்சுப் படுக்கப் போட்டுத்தான் கூட்டிட்டு வர்றேன். வெள்ளிக்கிழம காலைல வண்டி வேணும்" என்றார்.

திறந்து பார்த்தேன். இன்ஜின் வயரிங் உள்ளே போகும் இடத்தில் இருக்கிற பெரிய கப்ளரில் தடித்த வயர் இரண்டின் பின்னும் கருகிக் கிடந்தது. பேட்டரியிலிருந்து சாவிக்குப் போகிற கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. அது விட்டால் இன்ஜின், வைப்பர் எல்லாமே ஒரே நேரத்தில் போய்விடும். கப்ளர் கூடு நன்றாக இருந்தது, பின்தான் வேண்டும். குன்னூர், ஊட்டி எல்லாக் கார் பார்ட்ஸ் கடையிலும் கேட்டேன். கோயம்புத்தூருக்கு நாலு போன் போட்டேன். "அந்த வண்டியே இப்ப இல்லீங்களே" என்றார்கள். வியாழன் காலை பத்து மணிக்கு என் கையில் ஒன்றும் இல்லை. அப்போதுதான் கணேசனின் கார் நினைவுக்கு வந்தது. அதே மாடல், அதே வருஷம். கேஸ் முடிந்து எஸ்டேட் பேக்டரிக்குப் பின்னால் கொண்டுவந்து போட்டிருந்தார்கள்.

வாட்ச்மேன் பழைய பழக்கத்துக்கு விட்டுவிட்டார், கூட மட்டும் வரவில்லை. நல்ல பகல்தான், ஆனால் மிஸ்ட் இறங்கி பேக்டரிக் கூரையே தெரியவில்லை. வண்டியின் தரை வழியாகப் பெரணி முளைத்து சீட் உயரத்துக்கு நின்றது. முன் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது, கழன்று விழவில்லை. அதில் வைப்பர் இரண்டும் பாதி வழியில், நேராக மேலே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தன. டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் வெளியே ஈரம். பக்கத்து சீட் கண்ணாடியில் உள்பக்கமும் ஈரம் பூத்திருந்தது, உள்ளே ஆள் உட்கார்ந்து மூச்சு விட்ட மாதிரி. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பானெட்டைத் தூக்கினேன்.

பின்னை முறைப்படி எடுக்க வேண்டுமானால், குடைக்கம்பியைத் தட்டி ராவின ஊசியை முன்பக்க ஓட்டையில் விட்டு, பின்னின் நாக்கை அமுக்கி, பின்பக்கமாக உருவ வேண்டும். உருவின பின்னை வேறு வயரில் நசுக்கிப் போட முடியாது, ஒருதரம் நசுக்கினதுதான். அதனால் ஒரு சாண் வயரோடு வெட்டி எடுத்து, அந்த வாலை நம் வண்டி வயரில் ஜாயின்ட் போடுவோம். வெட்டுவதற்கு முன் வயருக்கு மேலே போட்டிருக்கிற உறையை, அந்த ஸ்லீவைக் கீறி வயரைப் பார்க்க வேண்டும். முதல் பின்னை அப்படித்தான் எடுத்தேன். இரண்டாவதை உருவும்போது கண்ணாடி மேலே கிர்ர்ரென்று ஒரு சத்தம். வைப்பர் ஒரு விரல்கடை கீழே இறங்கி நின்றது.

அந்த வண்டியில் பேட்டரி எடுத்தே ஏழு வருஷம். நான் வயரை இழுத்ததில் வண்டி ஆடியிருக்கும், துருப்பிடித்த கம்பி இறங்கியிருக்கும். இப்போது சொல்கிறேன். அப்போது அப்படித் தோன்றவில்லை. ஸ்லீவோடு சேர்த்து வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு, பானெட்டைக்கூட மூடாமல் வந்துவிட்டேன். ஷெட்டில் வந்தாவது பிரித்துப் பார்த்திருக்கலாம். ஸ்லீவ் மேலே பார்க்கச் சுத்தமாக இருந்தது, மறுநாள் சாருக்கு டயாலிசிஸ். அப்படியே போட்டுவிட்டேன்.

ஒன்றரை மாதம் ஒரு புகாரும் இல்லை. மழை பிடித்தது. ஒரு சனிக்கிழமை டீச்சர் வந்தார்.

"தேவராஜ், வண்டி வழியில நின்னுபோகுதுங்க. இது மூணாவது தடவ."

"எந்த எடத்துலங்க டீச்சர்?"

"அதாங்க ஒண்ணும் புரியல. மூணு தடவையும் ஒரே எடம். ஆல்பர்ட் போன வளைவு."

அவர் மேலே சொன்னது இன்னும் மோசம். நிற்பதற்கு முன்பே சேவியர் சாருக்குத் தெரிந்துவிடுகிறதாம். பின் சீட்டில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறவர், வளைவு வருகிறது என்றே தெரியாதவர், "டீச்சர், இழுக்குது" என்பாராம். சார் அப்படிச் சொல்லிப் பத்து எண்ணுவதற்குள் வண்டி செத்துவிடுமாம்.

"நீங்க போட்டது புது பின்தானுங்களே?" என்று கேட்டார்.

"ஆமாங்க, புதுசுதான்" என்றேன். முப்பத்தாறு வருஷத்தில் கஸ்டமரிடம் நான் சொன்ன முதல் பொய் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஒரு பொய் சொன்னதில்லை.

இரண்டு நாள் வண்டியை வைத்துப் பார்த்தேன். கப்ளரைக் கையால் ஆட்டினேன், தண்ணீர் ஊற்றினேன், மீட்டர் வைத்தேன். எல்லாம் சரியாகக் காட்டியது. திங்கட்கிழமை சாயங்காலம், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நான், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு முன் டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை உருட்டினேன். பிறகு என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. பழம் நசுங்கினால் வண்டி சரியாகிவிடுமா? டீச்சருக்குப் போன் பண்ணி, "நாளைக்கு நானும் கூட வர்றேங்க" என்றேன்.

செவ்வாய் காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். நான் முன் சீட்டில். பின்னால் சார் தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். மழை தூறிக்கொண்டே இருந்தது. ரோட்டில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. டீச்சர் இரண்டாவது கியரிலேயே இறங்கினார். வைப்பர் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது.

"டீச்சர், இழுக்குது" என்றார் சார்.

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். கண்ணைத் திறக்கவே இல்லை.

திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தபோது வைப்பர் மேலே ஏறிக்கொண்டிருந்தது. மெதுவாக ஏறியது. நேராக நின்றது. அதற்குள் இன்ஜின் சத்தம் போய்விட்டிருந்தது. டயர் தண்ணீரைத் தேய்க்கிற சத்தம் மட்டும். வண்டி நிற்கவில்லை, சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்தது. முன்னால் வளைவு, அதற்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. பாதியில் நிற்கிற அந்த வைப்பரை நான் பேக்டரிக்குப் பின்னால் வெளியிலிருந்து பார்த்திருந்தேன். இப்போது உள்ளேயிருந்து பார்க்கிறேன், ஆல்பர்ட் உட்கார்ந்திருந்த சீட்டிலிருந்து. இன்ஜின் செத்ததால் கால் பிரேக் கல்லாகிவிட்டது, டீச்சர் ஹேண்ட் பிரேக்கை இழுத்து வண்டியை மலைப்பக்கம் சாய்த்து நிறுத்தினார். பழகிவிட்ட கை.

"சார், எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"வைப்பர் தாளம் தப்புது தேவராஜ். இங்க வந்தா அதுக்கு மூச்சு வாங்குது. எனக்கும் மூச்சு வாங்கறதால எனக்குக் கேக்குது போல" என்றார்.

ஆர்கன் வாசித்த காது. எனக்கு அப்போதுதான் கொஞ்சம் புத்தி வந்தது. பேய் தாளம் தப்ப வைக்காது, கரண்ட் குறைந்தால்தான் வைப்பர் மோட்டார் இழுக்கும். அந்த வளைவில் பல வருஷமாகவே ரோடு உடைந்து ஒரு பள்ளம் இருக்கிறது. இறங்குகிற எல்லோரும் அங்கே பிரேக்கை மிதிப்பார்கள், வண்டி பள்ளத்தில் விழும், இன்ஜின் முன்னால் சாயும், வயரிங்கை இழுக்கும். ஷெட்டில் நின்ற வண்டியில் இது எப்படித் தெரியும்? ஐந்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடக்காத மாதிரி வண்டி ஸ்டார்ட் ஆனது.

மேட்டுப்பாளையத்தில் சாரை உள்ளே படுக்க வைத்தார்கள். நாலு மணி நேரம். ஆஸ்பத்திரிக் காம்பவுண்டில் வெயில் அடித்தது. பானெட்டைத் திறந்து, அன்றைக்குக் கீறாமல் விட்ட அந்த ஸ்லீவைப் பிளேடால் கீறினேன். உள்ளே டேப். டேப் முடிகிற இடத்தில் நூல். அழுக்கேறியிருந்தது, விரலால் துடைத்தேன். மஞ்சள் நூல்.

அவிழ்க்க அவிழ்க்க எனக்கு நினைவு வந்தது. எஸ்டேட்டில் எனக்குக் கடைசி வருஷம். இதே காரில் எலி கடித்த வயர். மேனேஜர் டீ ஏலத்துக்குப் போக வாசலில் நிற்கிறார், குங்கிலியம் தீர்ந்துவிட்டது, போர்மேன் அன்று லீவு. தகர வேலை மேஜையிலிருந்து பேஸ்டைத் தொட்டுப் பற்றவைத்தேன். அப்புறம் பிரித்துப் போடலாம் என்று நினைத்தேன். டேப் சுற்றி, ஒழுங்காக என் நூலையும் கட்டினேன்.

டேப் போனதும் செம்பு பச்சைப் பொடியாக உதிர்ந்தது. களிம்பு ரப்பருக்குள் இரண்டு பக்கமும் ஓடிப் பின் வரைக்கும் போயிருந்தது. மூன்றோ நாலோ இழைதான் பாக்கி. மோந்து பார்த்தேன். புளித்த வாடை.

எந்த பார்ட் கொன்றது என்று தெரியாத வண்டியில் எதைத் தொடலாம் என்று நான் முடிவு பண்ணியிருக்கிறேன்! சாலமன் போர்மேன் சொல்லாமல் விட்ட காரணம் அதுதான். கணேசன் தூங்கவில்லை. அவன் வண்டி செத்துத்தான் போயிருக்கிறது. அவனை அப்படி ஆக்கினவன் நான், அதற்கு மேல் டீக்கடையில் சிரித்தும் வைத்தேன்.

சாரை மேலே கூட்டிப் போக வேண்டுமே. பக்கத்து லாரி எலக்ட்ரிக் கடைக்குப் போய் மாதிரியைக் காட்டினேன். கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஒரு டப்பாவை நீட்டினார். லாரி ரிலே ஹோல்டரில் வருகிற கால் இஞ்ச் பின். நாக்கை ஊசியால் கொஞ்சம் தூக்கிவிட்டால் அந்தக் கப்ளரில் டக்கென்று உட்காருகிறது. கோத்தகிரித் தம்பி குறித்துக்கொள்ளட்டும். நான் கார் பார்ட்ஸ் கடையாக அலைந்தேனே தவிர லாரிக் கடையில் கேட்கத் தோன்றவில்லை. நசுக்கி, குங்கிலியம் வைத்து ஈயம் விட்டு, இரண்டையும் மாற்றினேன்.

டீச்சரிடம் அங்கேயே எல்லாவற்றையும் சொன்னேன், பொய்யையும் சேர்த்து. அவர் அந்த வயரை வாங்கிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"என்கிட்ட சொல்லிட்டீங்க. கணேசன்கிட்ட யாரு சொல்றது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை லயத்துக்குப் போனேன். கணேசன் வாசலில் உட்கார்ந்து களைக்கொத்துக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். இடுப்பு சரியாகக் கூடாததால் ஒரு பக்கம் சாய்ந்துதான் உட்கார முடியும். வயரைக் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

முடித்ததும், "வைப்பர் பாதில நின்னுச்சுண்ணே. நான் பாத்தேன்" என்றான். "அது கனவுன்னு வக்கீல் சொன்னாரு. எல்லாருஞ் சொல்லிச் சொல்லி நானும் தூங்கிட்டேன்னு நம்பிட்டேன். கண்ண மூடுனா அந்த வைப்பர்தான் நிக்கும். அப்ப நான் முழிச்சுத்தாண்ணே இருந்திருக்கேன்."

"கணேசா, என்னை மன்னிச்சிரு" என்றேன். வேறென்ன சொல்ல?

அவன் வயரையே பார்த்துக்கொண்டிருந்தான். "எஸ்தர் அக்காகிட்ட நான் தூங்கிட்டேன்னு சொல்லித்தான் மன்னிப்புக் கேட்டேன். அழுதுகிட்டே மன்னிச்சாங்க. செய்யாததுக்கு மன்னிப்பு வாங்கி வெச்சிருக்கேன். அத நான் எங்க கொண்டு போயி குடுக்க?" என்றான். பிறகு எழுந்தான். "என்கிட்ட கேக்காதீங்க. வாங்க, அங்க வந்து கேளுங்க."

எஸ்தர், ஆல்பர்ட்டின் மனைவி. சர்ச்சுக்குக் கீழே தனியாக இருக்கிறார். கணேசன் படி ஏறவில்லை, கீழே வாசலில் மண்ணிலேயே நின்றுகொண்டான். கிறிஸ்துமஸுக்கு வந்தாலும் அங்கேயே நின்று, அவர் கொடுக்கிற டீயைக் குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போவானாம், பிறகு சொன்னார்கள். நான் படியேறிப் போய், வயரை நீட்டி, மூன்றாவது தடவையாகச் சொன்னேன். முதல் இரண்டு தடவையைவிட இது கஷ்டமாக இருந்தது. சுவரில் ஆல்பர்ட் போட்டோ இருந்தது.

அவர் வயரைத் தொடவில்லை. "இத யாரு கட்டுனதுங்க?" என்று கேட்டார்.

"நாந்தாங்க."

"கணேசன் தூங்கலயா?"

"தூங்கலீங்க."

உள்ளே போனார். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் ஒரு நாற்காலி. என்னைத் தாண்டிப் படியிறங்கி, அதைக் கணேசனுக்குப் பக்கத்தில் போட்டு, சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"உக்காருப்பா" என்றார்.

அவன் மாட்டேன் என்று தலையாட்டினான். அவர் அவன் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தார். சாய்ந்து உட்கார்ந்தவன், முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதான். எஸ்தர் கையை எடுக்காமல் அவன் பக்கத்திலேயே நின்றார்.

நான் மேலே வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.